மணி அடிக்கிற கூடத்தில் துக்கம் கேட்டவர்

கோபமே வராத மனுஷி என்று பெயரெடுத்த ஒருவருக்குக் கோபம் வந்த கதை இது. வரவழைத்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். பூசி மெழுகுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

நாங்கள் வேலை பார்ப்பது ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. அதில் இறப்பு கிளெய்ம் பிரிவு என்று ஒன்று உண்டு. பாலிசி எடுத்தவர் இறந்துபோனால், அவர் வீட்டுக்குப் போன் செய்து, என்ன நடந்தது என்று கேட்டு, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று விளக்கி, பணம் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை கூட நிற்பது எங்கள் வேலை. நாங்கள் ஆறு பேர். மூத்தவர் நிதானம் அக்கா. பெற்றோர் வைத்த பெயர் வேறு. எதிர்முனையில் இருப்பவர் தடுமாறும்போதெல்லாம், "நிதானமா சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அவருக்கு உண்மையிலேயே அவசரமில்லை. மனைவியை இழந்த ஒரு முதியவர், சான்றிதழைத் தேடுகிறேன் என்று போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பீரோச் சாவி எங்கே இருக்கும் என்றே அவருக்குத் தெரியவில்லை. அதெல்லாம் மனைவி பார்த்துக்கொண்ட விஷயம். அக்கா வைக்காமல் காத்திருந்தார். இழுப்பறைகள் திறந்து மூடுகிற சத்தம், ஒரு டப்பா கீழே விழுகிற சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. கடைசியில் அவர் திரும்பி வந்து, "இன்னும் லைன்லயா இருக்கே?" என்று கேட்டாராம். "எங்க போகப் போறேன்?" என்றாராம் அக்கா. அந்த மனிதர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாராம்.

ஊரெல்லாம் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய காலத்தில் அக்காவும் வீட்டுக்கு வந்தார். பழைய சாமான் அடைத்து வைத்திருந்த ஒரு சின்ன அறையைக் காலி செய்தார். சுவரில் பழைய கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார், எதிரொலி வராமல் இருக்க. அவர் கணவர் பஸ் டிரைவர். விடுமுறை நாளில் ஒரு பலகையை அறுத்துச் சுவரோடு மேசை மாதிரி பொருத்திக் கொடுத்தார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வீட்டில் தண்ணீர் மோட்டார்கூட ஓடாது. "உள்ள துக்க வீடு, வெளிய நாங்க" என்று கணவர் கேலி செய்வார். கேலி செய்தாலும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் அந்தக் கதவைக் கடப்பார்.

இப்படியே சில வருடங்கள் போயின. எங்கள் பிரிவைப் பற்றி வந்த புகார்கள் குறைந்தன. நன்றி சொல்லி எழுதியவர்கள் கூடினார்கள். மேலாளரே இதைப் பல கூட்டங்களில் பெருமையடித்திருக்கிறார்.

அப்புறம் ஒரு காலையில் "மீண்டும் ஒன்றாக" என்ற தலைப்போடு ஒரு மெயில் வந்தது. எல்லாரும், எல்லா நாளும், ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். காரணமும் எழுதியிருந்தார்கள். வராந்தாவில் தற்செயலாகச் சந்தித்துப் பேசும்போதுதான் புதிய யோசனைகள் பிறக்கின்றனவாம்.

அக்கா எனக்குப் போன் செய்தார். "செத்தவங்க வீட்டுக்குப் போன் பண்ற வேலையில வராந்தாவுல என்ன புது யோசனை பிறக்கணும்? நீயே சொல்லு" என்றார். குரலில் அப்போதும் சிரிப்புதான் இருந்தது.

வீட்டில் கணவர் அவர் பக்கம் பேசவில்லை. "எல்லாரும் போறாங்க, நீயும் போயிட்டு வாயேன். நான் பஸ்ஸை வீட்டு வாசல்ல நிறுத்தி வெச்சுக்கிட்டு, வேணும்னா வந்து ஏறிக்குங்கன்னு சொன்னா சம்பளம் குடுப்பாங்களா?"

"உங்க வேலை ரோட்டுல இருக்கு, நீங்க ரோட்டுக்குப் போறீங்க. என் வேலை அவங்க வாய்க்கும் என் காதுக்கும் நடுவுல இருக்கு. அதைக் கொண்டுபோய் ரோட்டுல வைன்னா எப்படிங்க?"

"ஆபீஸ் எப்படி ரோடு ஆகும்?"

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

எங்கள் பிரிவில் எல்லாரும் அக்கா மாதிரி இல்லை. புதுப்பொண்ணு என்று நாங்கள் கூப்பிடும் ஒருத்தி இருந்தாள். வேலையில் சேர்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். மற்றவர்கள் தூங்குவார்கள், பாட்டுக் கேட்பார்கள், சண்டை போடுவார்கள். அவள் பாத்ரூமுக்குள் போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கணவனை இழந்தவர்களோடு பேசுவாள். "ஆபீஸ் திறந்தா போதும்க்கா, எனக்கு ஒரு நாற்காலி கிடைக்கும்" என்று அவள் சொன்னபோது அக்கா மறுத்துப் பேசவில்லை.

"உனக்கு ஆபீஸ் வேணும், நியாயம். எனக்கு வீடு வேணும், அதுவும் நியாயம். நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கணும்னு அவங்களுக்குத் தோணவே இல்லை பாரு. அதுதான் எனக்கு எரியுது."

அக்கா மேலாளரைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போயிருந்தேன். மேலாளர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் சொன்னதைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லியே வயதாகிப்போனவர்.

"வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா? டாக்டர் சீட்டு இருந்தா விதிவிலக்குக்கு எழுதிப் போடலாம்" என்றார் அக்கறையாக.

"இல்லை சார். எல்லாரும் நல்லா இருக்காங்க."

"சின்னக் குழந்தை?"

"இல்லை சார்."

"பின்ன எதுக்கு வீடு கேட்கிறீங்க?"

"வேலைக்காகத்தான் சார் கேட்கிறேன். அங்க வேலை நல்லா நடக்குது."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேலை நன்றாக நடப்பதற்காக ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்பதை எந்தக் கட்டத்தில் போட்டு நிரப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. நோய் இருந்தால் இரக்கப்படத் தயார். குழந்தை இருந்தால் யோசிக்கத் தயார். வேலையைப் பற்றி ஒருத்தி பேசினால் மட்டும் காது அடைத்துக்கொண்டது.

ஆபீசுக்குப் போனோம். முன்பெல்லாம் எங்கள் பிரிவுக்குத் தனி அறை உண்டு, கதவோடு. இப்போது அந்த அறையின் வாசலில் "புத்துணர்ச்சி அறை" என்று எழுதி வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தோம். ஒரு ஊஞ்சல், கலர் கலராகத் திண்டுகள், ஒரு பொய்ப் புல்தரை. பூட்டியிருந்தது. சாவி மேலாளரிடம். வெளியாட்கள் யாராவது சுற்றிப் பார்க்க வந்தால் திறப்பார்களாம். எங்கள் புத்துணர்ச்சியை நாங்கள் வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்குக் கொடுத்தது பெரிய கூடத்தில் ஒரு வரிசை. சுவர் கிடையாது, தடுப்பு கிடையாது. அடுத்த வரிசையில் விற்பனைப் பிரிவு. இளரத்தம், ஓயாத பேச்சு. அவர்களுக்கு நடுவே இருந்த தூணில் ஒரு பித்தளை மணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யார் ஒரு பாலிசி விற்றாலும் ஓடிப்போய் மணியை அடிப்பார்கள். உடனே அந்தப் பக்கம் முழுக்க எழுந்து கைதட்டும், விசிலடிக்கும், சிலர் மேசையைத் தட்டுவார்கள்.

முதல் தடவை அது அடித்தபோது புதுப்பொண்ணு ஒரு விதவையிடம் இறப்புச் சான்றிதழைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அரண்டுபோய் ஹெட்போனின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள். "அந்த பாத்ரூமே தேவலை. அங்க கதவாவது இருந்துச்சு."

அந்த வாரத்திலேயே அது நடந்தது. அக்கா ஒரு தாயிடம் பேசிக்கொண்டிருந்தார். மகன் வேலைக்கு பைக்கில் போகும்போது விபத்து. சின்ன வயது. அந்தம்மா முதலில் வார்த்தை வார்த்தையாகத்தான் பேசினார்களாம். அக்கா அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தம்மா அன்றைய காலையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கிளம்பும்போது சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்துவிட்டது, தைத்துத் தருகிறேன் என்றேன், சாயங்காலம் வந்து பார்த்துக்கலாம் என்று போய்விட்டான் என்று அந்தம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. யாரோ பெரிய பாலிசி ஒன்றை முடித்திருக்கிறார்கள் போல. அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாக ஆரவாரம். ஒருவன் நாற்காலிமேல் ஏறி நின்று ஆடினான்.

அக்கா இரண்டு கையாலும் ஹெட்போனை மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தார். ஒரு மூத்த பெண்மணி, மேசைக்கு அடியில். சத்தம் அடங்கியதும் அந்தம்மா கேட்டார்களாம்: "அங்க என்னம்மா கொண்டாட்டம்?"

அக்கா பதில் தேடுவதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

அக்கா திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். வெட்டிவிட்டார்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேராக மேலாளர் மேசைக்குப் போனார்.

"சார், ஒண்ணு மணியை எடுங்க, இல்லை எங்களை எடுங்க."

மேலாளர் அனுதாபத்தோடு தலையாட்டினார். "புரியுதும்மா. சத்தம் கேட்காத நல்ல ஹெட்போனா ஆறு பேருக்கும் வாங்கித் தரச் சொல்றேன்."

"எனக்குக் கேட்காது சார். அவங்களுக்குக் கேட்குமே!"

விற்பனைப் பிரிவின் தலைவர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார். "மணி எங்க பசங்களுக்கு உற்சாகம் மேடம். அதை எடுத்தா டார்கெட் படுத்துடும். நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?"

"நான் பண்ணிக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவங்களை எப்படிங்க அட்ஜஸ்ட் பண்ணச் சொல்றது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தன் வரிசைக்குப் போய்விட்டார். மணி அங்கேயே இருந்தது.

அன்றிலிருந்து நாங்கள் மாடிப்படிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தோம். தீ விபத்து நேர்ந்தால் இறங்குவதற்கென்று கட்டிய பின்பக்கப் படிக்கட்டு. ஒருவர் படியில் உட்கார்ந்து பேச, இன்னொருவர் கதவருகே காவல் நிற்போம், யாரும் தடதடவென்று இறங்கிவிடாமல். மடியில் லேப்டாப், காதில் ஆபீஸ் கொடுத்த செல்போன், உட்காருகிற இடத்தில் செய்தித்தாள். வீட்டில் மேசை நாற்காலியோடு மரியாதையாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்களை வரவழைத்துப் படிக்கட்டில் உட்கார வைத்ததுதான் "மீண்டும் ஒன்றாக". கொஞ்ச நாளில் அதற்கும் வேட்டு வைத்தார்கள். எங்கள் நாற்காலிகள் அதிக நேரம் காலியாக இருப்பதாக மேலே ரிப்போர்ட் போயிருக்கிறது. இனி இருக்கையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வீட்டுக்குப் போய்த் தன் சொந்த செல்போனிலிருந்து அந்தத் தாய்க்கு ஒரு செய்தி அனுப்பினார். அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, இது என் சொந்த எண், எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது கூப்பிடுங்கள் என்று. பதில் வரவில்லை. அக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அவர் வாட்டத்துக்குக் கணவர் காரணம் கேட்டபோதுதான் எல்லாவற்றையும் சொன்னார். அவர் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்தார். அப்புறம், "பஸ்ஸுல ஒருத்தர் அழுதுட்டு வந்தாக்கூட நான் பாட்டை நிறுத்திடுவேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றிக் கேலி பேசியதே இல்லை.

எல்லாரும் திரும்பி வந்ததைக் கொண்டாட இயக்குநர் வருகிறார் என்றார்கள். கூடம் முழுக்க பலூன். புத்துணர்ச்சி அறை திறக்கப்பட்டது. ஊஞ்சலில் உட்கார ஆட்களை ஏற்பாடு செய்தார்கள். எல்லாப் பிரிவும் கூடத்தில் நிற்க வேண்டும். இயக்குநர் பேசினார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தானே அழகு என்றார். அப்புறம் படம் எடுப்பதற்காக மணியை அடிக்கப் போனார். விற்பனைத் தலைவர் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது. என் காதருகே, "அந்தம்மா" என்றார்.

வெளியே ஓட வழியில்லை. முன்னும் பின்னும் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எடுக்காமல் விட்டால் அந்தம்மா இன்னொரு முறை கூப்பிடுவார்களோ என்னவோ. அக்கா எடுத்துவிட்டார். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு, கையை உயர்த்தி, "சார், தயவுசெஞ்சு அடிக்காதீங்க!" என்றார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேலாளர் கையால் போனை வெட்டச் சொல்லிச் சைகை காட்டினார். இயக்குநருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கயிற்றை இழுக்கத் தயாராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா நடந்தார். முன்னால் நின்றவர்களைத் தோளால் விலக்கிக்கொண்டு, போனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி, மணிக்கு நேராகப் போனார். கையை உள்ளே விட்டு அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் இழுத்தார். மணி ஆடியது, சத்தம் வரவில்லை.

இயக்குநர் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. மணியின் நாக்கை ஒரு கையிலும் போனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா. நான் இருக்கேன். நிதானமா சொல்லுங்க" என்றார்.

யாரும் சொல்லவில்லை, கூடத்தில் தானாகவே பேச்சு நின்றது. விற்பனைப் பையன்கள்கூட அசையவில்லை. அந்தம்மா என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா சொன்னது மட்டும் கேட்டது. "ஆமாம்மா… அந்தச் சட்டையா… வெச்சிருங்க, யாருக்கும் குடுக்க வேண்டாம்… அழுங்க, பரவாயில்லை." அந்தம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். அக்கா தலையை நிமிர்த்தி எங்கள் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்: "இல்லம்மா. இங்க யாரும் இல்லை. நான் மட்டும்தான் இருக்கேன்."

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. பேசி முடித்து, போனைப் பையில் போட்ட பிறகுதான் அக்கா மணியிலிருந்து கையை எடுத்தார்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான் நம்ம கம்பெனி! வீட்டுல உட்கார்ந்திருந்தா இப்படி ஒரு தருணத்தை நாம எல்லாரும் பார்த்திருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார். கூடமும் சேர்ந்து தட்டியது.

அதுவரைக்கும் அக்கா பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கைதட்டலில்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"கை தட்டாதீங்க!" என்றார். அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. "இது பார்க்கறதுக்கு இல்லை சார். அந்தம்மா என்கிட்ட மட்டும் பேசறதா நினைச்சுப் பேசினாங்க. யாருமில்லைன்னு நான் பொய் சொன்னேன். இத்தனை பேர் வேடிக்கை பார்க்க, பிள்ளையைப் பறிகொடுத்தவங்ககிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சீங்க. எங்க அறையை எடுத்து ஊஞ்சல் கட்டினீங்க. வீட்டுல நல்லா நடந்த வேலையை இழுத்துட்டு வந்து மணிக்குப் பக்கத்துல வெச்சீங்க. படிக்கட்டுல போய்ப் பேசினா நாற்காலி காலின்னு எழுதினீங்க. நான் சும்மா இருக்கறதுக்கு வீடு கேட்கலை. ஒரு கதவு கேட்டேன் சார். சாத்திக்க ஒரு கதவு!"

இயக்குநர், "கண்டிப்பா பார்க்கிறேன்" என்றார். பார்க்கவும் செய்தார். சில நாளில் அக்காவுக்கு மெமோ வந்தது. மணியைப் பற்றியும் இல்லை, கதவைப் பற்றியும் இல்லை. வாடிக்கையாளருக்குச் சொந்த செல்போன் எண்ணைக் கொடுத்தது விதிமீறல், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை யாருக்கும் போன் செய்யக் கூடாதாம். கட்டு கட்டாகப் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்யும் வேலைக்கு அவரை மாற்றினார்கள்.

மேலாளர் ரகசியமாக வந்து சொன்னார்: "தப்பு செஞ்சுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கம்மா. அதோட விட்டுடுவாங்க."

"எண்ணைக் குடுத்தேன்னு எழுதித் தர்றேன் சார். தப்புன்னு எழுத மாட்டேன்."

விசாரணை நாளன்று கணவர் விடுப்புப் போட்டுவிட்டுக் கூட வந்தார். உள்ளே விடவில்லை, கீழே வரவேற்பில் உட்கார்ந்திருந்தார். சக ஊழியர் ஒருவர் துணைக்கு இருக்கலாம் என்று விதி இருந்ததால் நான் அக்காவோடு போனேன். எங்களை ஒரு அறைக்குள் கூட்டிப் போனார்கள். நீளமான மேசை. சுற்றிலும் நாற்காலிகள், எல்லாம் காலி. சுவரில் ஒரு பெரிய திரை. ஹெச்.ஆர். ஆள் ஒருவர் ரிமோட்டை அமுக்கிவிட்டு வெளியே போனார். திரையில் மூன்று கட்டங்கள், மூன்று முகங்கள். ஒருவருக்குப் பின்னால் புத்தக அலமாரி. ஒருவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார், பின்னால் துணி காய்ந்தது. மூன்றாமவர் பக்கத்தில் எங்கேயோ நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அவரவர் வீட்டில்!

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். எனக்கு வந்தது சிரிப்பா ஆத்திரமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

புத்தக அலமாரிக்காரர் தொண்டையைச் செருமினார். "ஆபீஸ்ல கூடி வேலை செய்யற ஒழுங்கைப் பத்தி உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கறதா தெரியுது…"

"ஒரு நிமிஷம் சார். நீங்க மூணு பேரும் எங்கேருந்து பேசறீங்க?"

நாய் மட்டும் பதில் சொன்னது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் குத்திக் காட்டறதுக்குக் கேட்கலை. ஏன் வீட்டுலேருந்து பேசறீங்க?"

பால்கனிக்காரர்தான் வாயைத் திறந்தார். பெண்மணி, கொஞ்சம் நேர்மையானவர் போலிருந்தது. "இது ரகசியமான விசாரணை. கூடத்துல உட்கார்ந்து பேசினா எல்லாருக்கும் கேட்குமே."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. மற்ற இருவரும் குனிந்து காகிதத்தைப் பார்த்தார்கள்.

"என் விசாரணை அடுத்தவங்களுக்குக் கேட்கக் கூடாதுன்னு பார்க்கிறீங்க. நல்லது. மகனைப் பறிகொடுத்ததைப் பத்தி ஒரு தாய் பேசறது மட்டும் எல்லாருக்கும் கேட்கலாமா?" என்றார் அக்கா. அன்றைக்குக் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தாலாவது அவர்களுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

முடிவு வர வாரங்கள் ஆயின. அதற்குள் எங்கள் பிரிவைப் பற்றிப் புகார்கள் குவிந்தன, பின்னணியில் கூச்சல் கேட்கிறது, யாரோ விசிலடிக்கிறார்கள் என்று. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து போய், அக்கா திரும்ப வரும்வரை, அவர் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் தாமதத்துக்குக் காரணம் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வோம் என்றோம். மேலாளருக்கு வியர்த்தது. கடைசியில் மெமோவை "அறிவுரையோடு" முடித்துக்கொண்டார்கள். என்ன அறிவுரை என்று மட்டும் எழுதவில்லை. இறப்பு கிளெய்ம் பிரிவில் விரும்புகிறவர்கள் வீட்டிலிருந்து பேசலாம், தற்காலிகமாக, என்று உத்தரவு வந்தது. புதுப்பொண்ணு வீட்டுக்குப் போக விரும்பவில்லை. எனக்கு அந்த ஊஞ்சல் அறையைக் கொடுங்கள் என்று வாய்விட்டே கேட்டாள். கொடுத்துவிட்டார்கள். ஊஞ்சலை அவளே கழற்றி வைத்தாள்.

கம்பெனியின் மாதப் பத்திரிகையில் இயக்குநர் எழுதியிருந்தார்: ஊழியர்களின் குரலுக்குச் செவிசாய்க்கும் நிர்வாகம் நமது. அதற்கு ஒரு படம் வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார்கள், சிரித்த முகமாக. அக்கா மறுத்துவிட்டார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நான் எழுதிவிடலாம். கம்பளி தொங்கும் அறையில் அக்கா மறுபடி உட்கார்ந்திருக்கிறார், அந்தத் தாயின் கிளெய்மும் முடிந்தது. ஆனால் நான் கேட்கிறேன், ஒரு கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமைக்கு ஒருத்தி எல்லார் முன்னும் கூச்சலிட்டு, தண்டனை வேலை பார்த்து, விசாரணையில் போய் நிற்க வேண்டுமா? முதல் நாளே, "உங்க வேலைக்கு என்ன தேவை?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

போன வாரம் விபத்து ஊனக் கிளெய்ம் பிரிவிலிருந்து ஒரு பெண் அக்காவைத் தேடி அவர் வீட்டுக்கே வந்தாள். அவர்கள் வரிசை இன்னும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. கால் போனவர்களோடும் கை போனவர்களோடும் பேசுகிற வேலை. வீடு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

அக்கா அவளை உட்கார வைத்து, காபி கொடுத்து, முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "உன் விசாரணைக்குத் துணைக்கு நான் வர்றேன்" என்றார். அந்தப் பெண், "இன்னும் விசாரணைன்னு எதுவும் இல்லைக்கா, வீடு கேட்டு மட்டும்தானே இருக்கேன்" என்றாள்.

"கேட்டுட்டேல்ல? விசாரணை வைப்பாங்க" என்றார் அக்கா.